நீண்ட நாள் நின்ற காரின் பேட்டரி: சார்ஜ் ஏற்றினால் 12.6 வோல்ட் காட்டுகிறது, இரண்டே இரவில் செல்ஃப் எடுப்பதில்லை

வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஆறு மாதம் நின்றிருந்த என் பெட்ரோல் காரைப் பற்றி ஆலோசனை கேட்டு இந்த இழையைத் தொடங்குகிறேன். வேலை நிமித்தமாக நான் மஸ்கட்டில் இருந்த காலத்தில் என் மைத்துனர் வாரம் ஒருமுறை வந்து, எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்திவிட்டுப் போவார். தொடக்கத்தில் வண்டி ஒழுங்காகத்தான் கிளம்பியிருக்கிறது. அதன் பிறகு சாவியைத் திருப்பினால் ‘டக் டக் டக்’ என்ற ஓசை மட்டும் வந்ததால் அப்படியே விட்டுவிட்டார். நான் திரும்பி வந்து அளந்தபோது பேட்டரியில் 9 வோல்ட் கூட இல்லை.

பேட்டரி 35 ஏ.எச். (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு), மேலே செல்லுக்கு ஒன்றாக ஆறு மூடிகள் கொண்டது, மூன்றாண்டு நிறைய இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. கடையில் கொடுத்து ஓர் இரவு முழுக்க சார்ஜ் ஏற்றி வாங்கினேன். 12.6 வோல்ட் காட்டியது, வண்டியும் முதல் முயற்சியிலேயே கிளம்பியது. ஆனால் இரண்டு இரவு நிறுத்தி வைத்தால் மறுபடியும் அதே ‘டக் டக்’தான். பேட்டரிக் கடைக்காரர் “செல் போய்விட்டது, புதிது போட்டுவிடுங்கள்” என்கிறார். தெருமுனை எலக்ட்ரீஷியனோ “பேட்டரி நன்றாக இருக்கிறது, வண்டியில்தான் எங்கோ கரண்ட் இழுக்கிறது” என்கிறார். இரண்டில் எது உண்மை என்று நானே உறுதி செய்துகொள்ள வழி உண்டா? கையில் இருப்பது ஒரு சாதாரண மல்டிமீட்டர் மட்டுமே.

நெடுஞ்சாலை

மூன்றாண்டு ஆன பேட்டரி, ஆறு மாதம் நின்றிருக்கிறது, முழுக்க வடிந்தும் போயிருக்கிறது. இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி? நம் ஊர் வெயிலில் மூன்று, நான்கு ஆண்டு உழைத்தாலே பேட்டரி தன் கடமையைச் செய்துவிட்டது என்று பொருள். புதிது வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்பதே என் கருத்து.

பட்டறைவாசி

தம்பி, கடைக்காரர் சொல்வதும் எலக்ட்ரீஷியன் சொல்வதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டும் ஒரே வண்டியில் ஒன்றாக இருப்பதைப் பட்டறையில் அடிக்கடி பார்க்கலாம். வண்டி இழுக்கும் கரண்டே பேட்டரியை வடிய வைத்திருக்கும், வடிந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்ததே அதைக் கெடுத்தும் இருக்கும். ஆகவே முதலில் பேட்டரியையும் வண்டியையும் பிரித்து வைத்து ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும்.

அதற்கு உங்கள் மல்டிமீட்டரே போதும். பேட்டரியை மறுபடி முழுமையாக சார்ஜ் ஏற்றுங்கள். 35 ஏ.எச். பேட்டரிக்கு மூன்று, மூன்றரை ஆம்பியருக்கு மேல் வேண்டாம். மெதுவாக ஏறட்டும். ஏற்றி முடித்த கையோடு அளக்காதீர்கள். அப்போது தகடுகளின் மேற்பரப்பில் தங்கியிருக்கும் சார்ஜ் 13 வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டும். அதை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். அரை நாளாவது ஓய்வில் விட்டு, அதன் பிறகு அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நல்ல பேட்டரியாக இருந்தால் 12.6 முதல் 12.7 வரை இருக்க வேண்டும், 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் சார்ஜ் இருக்கிறது என்று பொருள்.

பிறகு நெகட்டிவ் முனையைக் கழற்றிய நிலையிலேயே மூன்று நாள் அப்படியே விட்டுவிடுங்கள். கழற்றும்போது எப்போதும் நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், பாசிட்டிவ் நட்டைத் திருகும் ஸ்பேனர் வண்டியின் உடம்பில் பட்டவுடன் தீப்பொறி பறக்கும். மூன்று நாள் கழித்து அளவு ஓரிரு நூறில் ஒரு பங்கு வோல்ட் மட்டுமே குறைந்திருந்தால் பேட்டரி சார்ஜைப் பிடித்து வைக்கிறது, குற்றவாளி வண்டி. ஒன்றோடும் இணைக்காத நிலையிலேயே கணிசமாக இறங்கினால் பேட்டரியின் உள்ளேயே கோளாறு. ஆறு மூடி உள்ள பேட்டரி என்பதால் உங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. நூறு, இருநூறு ரூபாய்க்கு ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்கி, ஒவ்வொரு செல்லின் ஆசிட் அடர்த்தியையும் தனித்தனியாகப் பாருங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பு டெர்மினல்களை ஒருமுறை கவனியுங்கள். வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, மணல்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்குங்கள். கரைசல் மூடிகளின் வழியாக உள்ளே இறங்கிவிடக் கூடாது. நல்ல பேட்டரியையும் கெட்டதாகக் காட்டும் வல்லமை அந்தப் பூத்த படிவுக்கு உண்டு.

ஓம்விதி

பட்டறைவாசி ஐயா சொன்ன வரிசை மிகச் சரியானது. மைத்துனர் செய்த வேலையைப் பற்றி மட்டும் சிறிது சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் வெளியூர் போகும் பலரும் இதே ஏற்பாட்டைத்தான் செய்துவிட்டுப் போகிறார்கள்.

செல்ஃப் அடிப்பதற்கே நிறைய சார்ஜ் செலவாகிறது, அதை ஐந்து நிமிட ஓட்டத்தால் ஈடுகட்ட முடியவில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். கணக்கு அப்படி இல்லை. 150 ஆம்பியர் மூன்று வினாடி இழுத்தாலும் செலவாவது 0.125 ஏ.எச். மட்டுமே. உண்மையான செலவு மீதி ஆறு நாள் இருபத்து மூன்று மணி ஐம்பத்தைந்து நிமிடத்தில் நடக்கிறது. கடிகாரம், சென்ட்ரல் லாக், அலாரம், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி ஆகியவை வண்டி பூட்டிக் கிடக்கும்போதும் சிறிதளவு மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கின்றன. எல்லாம் சரியாக உள்ள காரில் இது 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருக்கும். 50 என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரத்துக்கு 8.4 ஏ.எச். ஆகிறது. அதாவது உங்கள் பேட்டரியின் கொள்ளளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. நியூட்ரலில் ஐந்து நிமிடம் ஓடும் எஞ்சின் திருப்பி ஏற்றுவது இதில் ஒரு சிறு துளிதான்.

பேட்டரி தானாக இழக்கும் சார்ஜையும் இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாதாரண வெப்பநிலையில் மாதத்துக்கு நான்கைந்து சதவீதம் என்றால் 35 ஏ.எச். பேட்டரிக்கு ஒன்றரை, ஒன்றே முக்கால் ஏ.எச். வருகிறது. வெப்பம் பத்து டிகிரி உயரும்போதெல்லாம் இந்த இழப்பு ஏறத்தாழ இரட்டிக்கும் என்பதால் மதுரைச் சித்திரையில் இதைக் கூடுதலாகவே கணக்கிட வேண்டும். அப்படியும் வண்டி எடுத்துக்கொள்வதே பல மடங்கு அதிகம்.

வைகைக்கரை

இருவருக்கும் நன்றி. சொன்னபடியே செய்தேன். டெர்மினல்களில் பூப்பு அதிகம் இல்லை, இருந்ததைத் துடைத்துவிட்டேன். முழுதாக சார்ஜ் ஏற்றி, அரை நாள் ஓய்வுக்குப் பிறகு 12.58 வோல்ட். நெகட்டிவைக் கழற்றி மூன்று நாள் விட்ட பிறகு 12.45 வோல்ட்.

ஹைட்ரோமீட்டர் அளவுகள், பாசிட்டிவ் பக்கத்திலிருந்து வரிசையாக: 1.255, 1.250, 1.255, 1.250, 1.255, 1.150. கடைசிச் செல்லில் மூன்று முறை உறிஞ்சிப் பார்த்தேன், மிதவை சிவப்புப் பட்டையை விட்டு மேலே வரவே இல்லை. அந்தச் செல்லின் நீர் சற்றுக் கலங்கலாக, பழுப்பேறியும் இருக்கிறது. ஆனால் 12.45 வோல்ட் என்பது முக்கால் பங்கு சார்ஜ்தானே? அந்த அளவில் வண்டி கிளம்பியிருக்க வேண்டுமே. பிறகு ஏன் இப்படி?

ஓம்விதி

அளவுகளைக் குறித்த விதத்துக்கே தனியாகப் பாராட்ட வேண்டும், ஏனெனில் உங்கள் கேள்விக்கான விடை அந்த ஆறு எண்களிலேயே இருக்கிறது.

ஈயம்-அமில பேட்டரியில் ஓய்வில் இருக்கும் ஒரு செல்லின் மின்னழுத்தத்தை, அதன் ஆசிட்டின் ஒப்படர்த்தியுடன் 0.84 கூட்டினால் ஏறத்தாழக் கண்டுவிடலாம். 1.255 உள்ள செல் 2.095 வோல்ட், 1.250 உள்ளது 2.09 வோல்ட். உங்கள் கடைசிச் செல் 1.99 வோல்ட். ஆறையும் கூட்டினால் 12.455 வருகிறது, உங்கள் மீட்டர் காட்டிய அளவும் அதுவே. ஐந்து செல்கள் முழு சார்ஜை ஒட்டியும், ஒரு செல் கால் பங்கை ஒட்டியும் இருக்கின்றன. கூட்டுத்தொகையோ ‘முக்கால் பங்கு’ என்று சொல்லி அந்த நோயாளிச் செல்லை மறைத்துவிடுகிறது. வோல்ட் அட்டவணை ஆறு செல்களும் ஒரே நிலையில் இருக்கின்றன என்ற அனுமானத்தின் மேல் எழுதப்பட்டது. அந்த அனுமானம் பொய்க்கும்போது அட்டவணைக்கும் மதிப்பில்லை.

செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால், செல்ஃப் மோட்டார் கேட்கும் நூற்றைம்பது ஆம்பியரும் அந்த ஒற்றைச் செல்லின் வழியாகவும் பாய்ந்தே ஆக வேண்டும். தேர் வடத்தில் ஓரிடம் நைந்திருந்தால் மீதி வடத்தின் பலத்தைக் கொண்டு தேரை இழுக்க முடியாது. பொதுவாகச் செல்களுக்கிடையே 0.050க்கு மேல் வேறுபாடு இருந்தால் அந்த பேட்டரியின் காலம் முடிந்துவிட்டதாகக் கொள்வார்கள். உங்களுடையது 0.100ஐத் தாண்டுகிறது. ஹைட்ரோமீட்டர் அளவை வெப்பநிலைக்கேற்பச் சற்றுத் திருத்த வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரிக்கு 0.0007 வரும். ஆறு செல்களுக்கும் ஒரே திருத்தம்தான் என்பதால் வேறுபாடு மாறாது.

கொங்குநாடன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கத்தில் ஒரு கடையில் அந்த ஒரு செல்லில் மட்டும் கொஞ்சம் ஆசிட் ஊற்றி அடர்த்தியைச் சரி செய்து கொடுக்கிறார்கள். சல்பேட்டைக் கரைக்கும் ‘பல்ஸ் சார்ஜர்’ என்று இணையத்திலும் விற்கிறார்கள். இந்த பேட்டரியை அப்படி மீட்க வழி இல்லையா?

பட்டறைவாசி

ஆசிட் ஊற்றுவது காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்கி எடுப்பது போன்ற வேலை. அளவு மாறும், ஆள் மாறமாட்டான். பேட்டரியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், ஆசிட் எங்கும் போவதில்லை. அடர்த்தி குறைந்திருக்கிறது என்றால் அந்த ஆசிட்டின் சல்பேட் தகடுகளில் போய் ஒட்டிக்கொண்டது என்று பொருள். சார்ஜ் ஏற்றினால் அது திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் தகட்டில்தான் பழுது. மேலே ஆசிட்டை ஊற்றினால் ஹைட்ரோமீட்டர் மட்டும் திருப்தி அடையும், தகடு இன்னும் விரைவாக அரிக்கும். மட்டம் குறைந்த செல்லில் டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறொன்றும் ஊற்றக் கூடாது, அதையும் சார்ஜ் ஏற்றிய பிறகே மேல்கோடு வரை நிரப்ப வேண்டும்.

சல்பேட் விஷயத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. சில வாரம் மட்டும் வடிந்து கிடந்த பேட்டரியை ஓரிரு ஆம்பியரில் ஒரு நாள், ஒன்றரை நாள் பொறுமையாக ஏற்றினால் பல நேரம் மீண்டுவிடும். அப்போது ஆறு செல்களின் அடர்த்தியும் சேர்ந்தே ஏறும். மாதக்கணக்கில் கிடந்து படிகம் இறுகிவிட்டால், எந்த சார்ஜர் போட்டாலும் வோல்ட் சடசடவென்று ஏறி நிற்கும், கொள்ளளவு திரும்பாது. தம்பியின் பேட்டரி இந்த இரண்டிலும் சேராது. ஒரே ஒரு செல் மட்டும் தானாக வடிகிறது, நீர் பழுப்பேறியிருக்கிறது. தகட்டின் பொருள் உதிர்ந்து அடியில் சேர்ந்து, பாசிட்டிவ், நெகட்டிவ் தகடுகளுக்கிடையே மெல்லிய பாலம் போட்டிருக்கிறது என்றே படுகிறது. பல்ஸ் சார்ஜருக்குச் செலவிடும் பணத்தைப் புது பேட்டரிக்குச் சேர்த்து வைப்பது மேல்.

தம்பி, பேட்டரியின் விசாரணை முடிந்தது. இனி வண்டியின் விசாரணை. அதை முடிக்காமல் புது பேட்டரியை மாட்டாதீர்கள். பழைய பேட்டரியையே ஏற்றி வைத்துச் சோதிக்கலாம். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய நெகட்டிவ் கேபிளுக்கும் நடுவே மீட்டரை இணையுங்கள். அந்த நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது, திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கதவைத் திறந்து வைக்க வேண்டியிருந்தால் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, ரிமோட்டில் பூட்டுங்கள். உள்ளே இருக்கும் கணினிகள் உறங்கிப் போக அரை மணி நேரம் வரை ஆகும். அதற்குள் காட்டும் அளவைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஓம்விதி

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பதற்கு முன் ஒரு யோசனை. ஃபியூஸைப் பிடுங்கிச் செருகும்போது உறங்கும் கணினிகள் விழித்துக்கொண்டு அளவைக் குழப்பக்கூடும். ஃபியூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லி வோல்ட் நிலையில் வைத்துப் பாருங்கள். மின்சாரம் ஓடாத ஃபியூஸில் பூச்சியம் காட்டும், ஓடும் ஃபியூஸில் சில பத்தில் ஒரு பங்கு மில்லி வோல்ட்டாவது காட்டும். எந்த ஃபியூஸும் எதுவும் காட்டாமல் மொத்த அளவு மட்டும் அதிகமாக இருந்தால், ஆல்டர்நேட்டரின் (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் மின்னாக்கியின்) டையோடைச் சந்தேகிக்க வேண்டும். அதன் தடித்த வயர் உள்ளே இருக்கும் ஃபியூஸ் பெட்டியின் வழியே போவதில்லை.

வைகைக்கரை

எலக்ட்ரீஷியன் சொன்னதும் உண்மையாகிவிட்டது. பூட்டியவுடன் 1.4 ஆம்பியர் காட்டியது. சிறிது நேரத்தில் 0.6, அரை மணி கழித்து 0.21 ஆம்பியரில் நின்றது. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. மியூசிக் சிஸ்டத்தின் ஃபியூஸில் மட்டும் மில்லி வோல்ட் காட்டியது. அந்த ஃபியூஸை எடுத்தவுடன் மொத்தம் 0.03 ஆம்பியருக்கு இறங்கியது.

வெளிநாடு போகும் முன் தொடுதிரை உள்ள புது மியூசிக் சிஸ்டம் ஒன்றை வெளிக்கடையில் பொருத்தியிருந்தேன். டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தால், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வர வேண்டிய சிவப்பு வயரையும், எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டிய மஞ்சள் வயரையும் ஒன்றாக முறுக்கி, ஒரே இணைப்பில் கொடுத்து இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருந்தார்கள். சாவியை எடுத்த பிறகும் அந்தப் பெட்டி அணையவே இல்லை, திரை மட்டுமே இருண்டிருக்கிறது.

கடற்கரைச்சாலை

என் கார் சிக்னலில் தானாக எஞ்சினை அணைத்து மீண்டும் கிளப்பும் வகை. பேட்டரியில் மூடியே இல்லை. மேலே ஒரு பச்சைக் கண் மட்டும் இருக்கிறது. இந்தச் சோதனைகள் எனக்கும் பொருந்துமா?

பட்டறைவாசி

பச்சைக் கண் ஒரே ஒரு செல்லின் அடர்த்தியை மட்டும்தான் பார்க்கிறது. மற்ற ஐந்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. இந்த இழையில் உள்ள பேட்டரிக்கு அப்படியொரு கண் இருந்து, அது கடைசிச் செல்லில் அமையாமல் போயிருந்தால் இன்றும் பச்சையாகவே விழித்துக்கொண்டிருக்கும். கழற்றி வைத்துப் பார்க்கும் மூன்று நாள் சோதனையும் கரண்ட் சோதனையும் உங்களுக்கும் அப்படியே பொருந்தும். அடர்த்திக்குப் பதிலாக லோடு டெஸ்ட் செய்யுங்கள், அதாவது சில வினாடி பெரிய கரண்டை இழுக்கவிட்டு வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். உங்களுடையது ஏ.ஜி.எம். வகை (ஆசிட்டைக் கண்ணாடியிழைப் பாய் உறிஞ்சி வைத்திருக்கும் பேட்டரி) என்றால் முழு சார்ஜில் 12.8 வோல்ட் இருக்க வேண்டும். மாற்றும்போது அதே வகையைத்தான் போட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று சாதாரண பேட்டரியைப் போட்டால் தாங்காது.

வைகைக்கரை

உத்தரவாதம் இன்னும் முடியவில்லை என்பதால் பேட்டரியைக் கடைக்கு எடுத்துப் போனேன். முதலில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு “12.5 இருக்கிறதே, நல்ல பேட்டரி” என்று உத்தரவாதத்தில் மாற்ற மறுத்துவிட்டார். புதிது வாங்கச் சொன்ன அதே கடைதான். செல்வாரியான அளவுகளைக் காட்டி, லோடு டெஸ்ட் செய்யும்படி கேட்டேன். இரண்டு கவ்விகள் கொண்ட டெஸ்டரை மாட்டிப் பித்தானை அழுத்தியதும் முள் 11க்கு வந்து, பத்து வினாடிக்குள் 8.5க்குச் சரிந்தது. மூடிகளைத் திறந்து வைத்திருந்ததால் இன்னொன்றையும் பார்க்க முடிந்தது. ஐந்து செல்களின் நீர் அசையாமல் இருக்க, ஆறாவதில் மட்டும் உலை கொதிப்பது போலக் குமிழி கிளம்பியது. அதன் பிறகு கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை, படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கிவிட்டார்.

நெடுஞ்சாலை

ஆக, கடைசியில் நான் முதல் நாளே சொன்ன புது பேட்டரிதான்!

ஓம்விதி

புது பேட்டரி வேண்டும் என்றது சரிதான். ஆனால் அன்றே வாங்கியிருந்தால் 0.21 ஆம்பியர் அதையும் நாளொன்றுக்கு 5 ஏ.எச். வீதம் வடித்திருக்கும். மூன்றரை நாளில் பாதி காலி, ஒரு வாரத்தில் முழுதும் காலி. உத்தரவாதத்தில் கிடைத்ததும் கிடைத்திருக்காது.

பட்டறைவாசி

லோடு டெஸ்டில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனாலே தோல்விதான், 8.5 என்பதற்கு மேல் பேச்சே இல்லை. புது பேட்டரியை மாட்டியதும் எஞ்சினை ஓடவிட்டு ஒருமுறை அளந்துவிடுங்கள். 13.8 முதல் 14.4 வரை இருந்தால் ஆல்டர்நேட்டர் நலம். ஹெட்லைட்டும் ஏசியும் போட்ட பிறகும் 13.5க்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

வைகைக்கரை

மாட்டிவிட்டேன். எஞ்சின் ஓடும்போது 14.2, எல்லாவற்றையும் போட்டால் 13.9. சிவப்பு வயரை சாவியோடு வரும் இணைப்புக்கு மாற்றிய பிறகு, பூட்டிய வண்டி எடுத்துக்கொள்வது 0.03 ஆம்பியர் மட்டுமே. அடுத்த மாதம் மறுபடி மஸ்கட் போக வேண்டியிருக்கிறது. இந்த 0.03ஐ நம்பி அப்படியே விட்டுப் போகலாமா, அல்லது மைத்துனரை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லட்டுமா?

ஓம்விதி

0.03 ஆம்பியர் நாளொன்றுக்கு 0.72 ஏ.எச். ஆகிறது. பழுதே இல்லாத காரும் மூன்றரை வாரத்தில் பேட்டரியைப் பாதிக்குக் கொண்டுவந்துவிடும், ஏழு வாரத்தில் வற்ற வைத்துவிடும். மைத்துனர் வாரம் ஒருமுறை வெளியே எடுத்து முக்கால் மணி நேரம் ஓட்டுவதானால் நல்லது, டயருக்கும் பிரேக்குக்கும் அதுவே நல்லது. நின்ற இடத்தில் ஓடவிடுவதானால் வேண்டாம்.

பட்டறைவாசி

ஓட்ட ஆள் இல்லையென்றால் முழு சார்ஜ் ஏற்றி, நெகட்டிவைக் கழற்றி, கேபிளின் முனை தவறியும் பேட்டரியைத் தொடாதபடி ஒரு துணியைச் சுற்றி ஒதுக்கி வைத்துவிட்டுப் போங்கள். பத்தாம் எண் ஸ்பேனர் ஒன்று போதும். கடிகார நேரமும் ரேடியோவில் சேமித்த நிலையங்களும் அழிந்துபோகும், சில வண்டிகளில் தானாக ஏறும் கண்ணாடியை ஒருமுறை பழக்க வேண்டியிருக்கும். ரிமோட் வேலை செய்யாது என்பதால், நெகட்டிவைக் கழற்றும் முன்பே ஓட்டுநர் கதவு சாவியால் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் சாவியே நுழையாத பூட்டு இறுகிப் போயிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மைத்துனர் சார்ஜரைக் கொண்டுவந்து ஓர் இரவு ஏற்றிவிட்டால் போதும்.